மாமாவுக்கு ஆகாத பல்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முன்பெல்லாம் பிள்ளைகளின் மார்க்கைப் பேசுவோம். பிறகு அவர்கள் கல்யாணத்தைப் பேசினோம். இப்போது பல்லைப் பேசுகிறோம். யாருக்கு எது ஆடுகிறது, யார் எத்தனை கட்டிக்கொண்டார்கள், எந்த டாக்டருக்குக் கை லேசு என்று பேச்சு போகிறது. போன வாரம் எனக்கும் முறை வந்தது. தாடையின் கோடியில் ஒரு கடைவாய்ப்பல் இத்தனை காலமும் சத்தமில்லாமல் படுத்துக் கிடந்துவிட்டு, இப்போது பக்கத்துப் பல்லை முட்டுகிறது. சிதம்பரத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "லேசா மயக்கம் குடுத்து எடுத்துடலாம்மா, ஒண்ணுமே தெரியாது" என்றார்.

நேற்று அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தேன் குரல். காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது, தளர்வான உடை போடணும், நெயில் பாலிஷ் இருந்தால் அழித்துவிடணும், துணைக்கு ஒருவர் கட்டாயம் வரணும் என்று வரிசையாகச் சொன்னாள். நெயில் பாலிஷா? பாத்திரம் தேய்த்துத் தேய்த்து எனக்கு நகமே பாதிதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரிம்மா சரிம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக, "வெறும் வயிறு ரொம்ப முக்கியம் மேடம். வீட்ல யாராச்சும் ஆசையா ஏதாவது குடுத்தாக்கூட வாங்கிடாதீங்க" என்றாள். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் பாவம் இரண்டு தடவை கேட்டாள்.

அவளுக்கு அதையெல்லாம் சொல்லி விளங்க வைக்க முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில், வேண்டாத இடத்தில் ஒரு பல் முனை காட்டியது. கூராக, அரிசி மணி அளவுக்கு இருக்கும். நாள் முழுக்க நாக்கு அங்கேயே போய் நிற்கும். 'ச' வரும் இடத்திலெல்லாம் காற்றுப் புகுந்து விசில் அடிக்கும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மானம் தப்பியது. கடலூர் டாக்டர் பார்த்துவிட்டு, இது கூடுதலாக முளைத்த பல், விட்டால் முன்பல்லைத் தள்ளிவிடும், வேர் எலும்புக்குள் ஆழமாக இருக்கிறது, சின்னப் பெண் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் இருக்க மாட்டாள், சிதம்பரத்தில் மயக்கம் கொடுத்து எடுப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அப்பா தாலுக்கா ஆபீஸில் குமாஸ்தா. டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது அவருக்குக் கலெக்டர் ஆர்டர். மறு பேச்சே கிடையாது.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதற்கு நேர் எதிர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணம் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரூமில் தங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். தோளில் தொங்கும் தோல் பை, அதிலிருந்து வரும் சில்லறை வாசனை, கலர் கலராக டிக்கெட் அடுக்கிய கட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். அந்த விசிலுக்குள் ஒரு குட்டி உருண்டை உருளும். சாப்பிட்டு முடிக்கும்வரை அதை எனக்குக் கொடுத்துவிடுவார். நான் ஊதினால் தெருவில் போகிற சைக்கிள்காரர்கள்கூடக் காலை ஊன்றுவார்கள். எனக்கு உலகத்திலேயே மாமாவைத்தான் பிடிக்கும். அம்மா அப்பாவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கோடைக்கு மங்கலம்பேட்டையிலிருந்து அத்தை வந்திருந்தார், அப்பாவின் அக்கா. வந்த அன்றைக்கே டார்ச் லைட்டைக் கொண்டுவரச் சொல்லி என் வாயைப் பிளந்து பார்த்தார்.

"இது கைக்கொழந்தையா இருக்கச்சயே மேல்பல்லுதான மொதல்ல மொளைச்சிது? தாய்மாமனுக்கு ஆவாதுன்னு அப்பவே சொன்னேன், யாரு காதுல வாங்குனீங்க? இப்ப பாரு, அண்ணத்துலயே வந்து ஒக்காந்துக்கிச்சி."

"அண்ணி, கொழந்தைய வச்சிக்கினு என்ன பேச்சு இது?" என்றாள் அம்மா.

"நானா சொல்றேன்? ஊரு ஒலகம் சொல்லுது. ஒன் தம்பிக்குத்தான் இந்த வருசம் எதுவும் சரியா வரலயே, அதை யோசிச்சிப் பாரு."

அதுதான் தொல்லை. மாமாவுக்கு நிஜமாகவே அந்த வருஷம் எதுவும் சரியாக வரவில்லை. ஆலப்பாக்கத்தில் ஓடுகிற பஸ்ஸில் தொற்றப்போய்க் கால் பிசகிக்கொண்டது. அண்ணாகிராமத்தில் பார்த்த பெண் வீட்டார் பூ வைக்க நாள் குறிக்கிறோம் என்று போனவர்கள், போனவர்கள்தான். போதாததற்கு முதுநகரில் ஒரு நாய் துரத்திக் காக்கி பேன்ட் கிழிந்தது. நாய்க்கும் என் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று கேட்கலாம். அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது என்று முழுசாக நம்பினேன்.

அதிலிருந்து எனக்கு மாமாவைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. அவர் சாப்பிட வரும் நேரம் கொஞ்சம் தாண்டினாலும் தெருவை எட்டி எட்டிப் பார்ப்பேன். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பஸ் எங்கேயாவது கவிழ்ந்திருக்குமோ, வெள்ளாற்றுப் பாலத்தில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று மனசு போகும். தெருமுனையில் காக்கிச் சட்டை தெரிந்ததும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். "என்னா கண்ணு, விசிலா வேணும்?" என்பார். ஆமாம் என்று தலையை ஆட்டுவேன். பல்லை எடுத்துவிட்டால் மாமா பிழைத்துக்கொள்வார். அதனால் ஊசியானாலும் கத்தியானாலும் எனக்குப் பயமில்லை. ஆபரேஷனுக்கு நாள் எப்போது வரும் என்று நானே அப்பாவைக் கேட்டு நச்சரித்தேன். "பாரு, என் பொண்ணு எவ்ளோ தைரியம்!" என்று அப்பா ஆபீஸெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். பெரியவர்களுக்கு நம்மைப் பற்றி என்னதான் தெரிந்திருந்தது, சொல்லுங்கள்!

அத்தை மேல் எனக்கு இன்று கோபமில்லை. மாமாவின் பிசகிய காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி, தினமும் தரையில் உட்கார்ந்து உருவிவிட்டவரும் அதே அத்தைதான். வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுக் கைக்கு வந்த நல்லதைச் செய்கிற மனுஷி. என் காதில் அது என்னவாக விழும் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தது. காலையில் எழுந்ததிலிருந்து எதுவும் தரவேண்டாம் என்பதுதான் டாக்டரின் உத்தரவு. அப்பா அதைக் கூடுதல் பாதுகாப்புக்காக முந்தின நாள் மத்தியானத்துக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாலையில் எல்லோரும் டிபன் சாப்பிடும்போது எனக்கு இல்லை. அண்ணாகிராமத்திலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய பலாப்பழம் ஒன்று அன்றைக்குப் பார்த்துத்தான் பழுத்துத் தொலைத்தது. அப்பா அதைச் சாக்கில் சுற்றிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பழம் போனதே தவிர வாசனை போகவில்லை. சுவர், பாய், தலையணை என்று வீடு முழுக்கப் பலாச்சுளை மணத்தது. வலை அடித்த அலமாரியில் இருந்த முறுக்கு டப்பா பரண் மேல் ஏறியது. தண்ணீர்ப் பானைக்குக்கூட அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"புள்ளைய பட்டினி போட்டு வைத்தியம் பண்றத நான் எங்கயும் கேட்டதில்ல" என்று அத்தை மூக்கைச் சிந்தினார்.

மாமாவுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். "மச்சான், வெறும் வயித்துல ஊசி போட்டா மயக்கம் வந்துடுமே!"

"அதுக்குத்தான்டா ஊசியே போடுறாங்க!"

மாமா விடவில்லை. "நான் சொல்றது வேற மயக்கம் மச்சான். அம்மை ஊசி போடச்ச எங்கூட படிச்சவன் சாப்பிடாம வந்து எப்படி வுழுந்தான் தெரியுமா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊசி போட்டுக்கொள்ளப் போகிற யாரையும் பன்னும் டீயும் வாங்கித் தராமல் ஆஸ்பத்திரி வாசல் ஏற விடாத ஜனங்கள் நாம். சாப்பிட்டுவிட்டுத்தான் ஊசி என்பது நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த பாடம். அதைப் போய் ஒரு டாக்டர் தலைகீழாகச் சொன்னால் மாமாவின் மனசு எப்படி ஒப்பும்?

மறுநாள் காலை மாமாவின் பஸ்ஸிலேயே கிளம்பினோம். டிரைவருக்குப் பின் சீட்டில் அப்பா. மடியில் பை, பைக்குள் டாக்டர் சீட்டு, துண்டு, மாற்றுப் பாவாடை. எனக்கு அதிர்ஷ்டம், பின்னால் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் மாமா உட்கார வைத்துக்கொண்டார். பசியில் காது அடைத்தது. முதுநகர் தாண்டியதும் உப்புக் காற்று. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். மாமா ஒவ்வொரு டிக்கெட்டாகக் கிழித்துக்கொண்டே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆலப்பாக்கம் வரைக்கும் தாங்கினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

புதுச்சத்திரத்தில் வண்டி டீக்கு நின்றது. அப்பா இறங்கவில்லை. மாமா என் கையைப் பிடித்து இறக்கிப் பஸ்ஸின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கிளாஸ் டீயில் பன்னைத் தோய்த்துத் தோய்த்து ஊட்டினார். அந்தப் பன்னை நான் இன்னும் மறக்கவில்லை. மேலே சர்க்கரை ஒட்டிய பளபளப்பு, உள்ளே டீ ஊறிய இளஞ்சூடு. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கை முந்திரிப்பருப்பு.

"அப்பாகிட்ட சொல்லாத, இன்னா? தெம்பு இருந்தாதான் கண்ணு தைரியமா நிக்க முடியும்."

மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வாயை அவர் கர்சீப்பால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தோம்.

சிதம்பரத்தில் எங்களை இறக்கிவிட்டுவிட்டு மாமா வண்டியோடு நின்றுகொண்டார். அவருக்குத் திரும்பும் டைம் நெருங்கிக்கொண்டிருந்தது. தனியார் பஸ்ஸுக்கு டைம் என்றால் உயிர், உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பிந்தினால் பின்னால் வருகிற வண்டிக்காரன் சட்டையைப் பிடிப்பான். ஊர் போய்ச் சேர்ந்தால் முதலாளி பிடிப்பார்.

மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது ஆஸ்பத்திரி. பல் டாக்டர் கொஞ்சம் வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் இன்னொருவரைக் காட்டி "இவருதான் மயக்க டாக்டர்" என்றார்கள். அந்த இடத்திலேயே அவர் ஒருவர்தான் நல்ல விழிப்பாக இருந்தார். என் கண்ணைப் பார்த்தார், நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்தார்.

"கொழந்தைக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"பச்சைத் தண்ணி இல்லிங்க. நேத்து மத்தியானத்துலேருந்து!" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

"நேத்து மத்தியானத்துலேருந்தா? அவ்ளோ எதுக்குய்யா?" என்று பல் டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மயக்க டாக்டர் என்னிடம் குனிந்தார். "நீ சொல்லு பாப்பா, ஏதாச்சும் சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல் அங்கேயே இருக்கும். மாமா இதோ இப்போது வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருப்பார். இல்லை என்று தலையை ஆட்டினேன். ரொம்பப் பலமாக ஆட்டினேன்.

உயரமான மேஜையில் படுக்க வைத்தார்கள். மேலே ஒரு பெரிய விளக்கு. சிவப்பு ரப்பர் குழாயின் முனையில் கிண்ணம் மாதிரி ஒன்றை எடுத்துத் துடைத்தார்கள். சைக்கிள் கடை வாசனையும் இனிப்பு மருந்து வாசனையும் கலந்து வந்தது. நர்ஸ் அக்கா என் ரிப்பனை அவிழ்த்தார். பல்லே, உன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நேரத்தில் வெளியே நடந்ததை டிரைவர் அண்ணன் பிற்பாடு பல தடவை எங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையை வைத்துக்கொள்வார். பஸ் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பியாகிவிட்டது. முன் சீட்டில் இரவு டியூட்டி முடிந்து ஊர் திரும்பும் ஒரு நர்ஸம்மா. மாமா டிக்கெட் கிழித்துக்கொண்டே அவரிடம் பெருமை அடித்திருக்கிறார். "எங்க அக்கா மவளுக்கு இன்னிக்கு மயக்கம் குடுத்துப் பல்லு எடுக்கறாங்க. வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரல. நல்லா டீயும் பன்னும் குடுத்துத்தான் வுட்டேன்."

நர்ஸம்மா எழுந்தே நின்றுவிட்டாராம். "ஐயையோ, என்னா காரியம் பண்ணிட்டீங்க! மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சுக்கொழாய்க்குள்ள போயிடும். உசுருக்கே ஆபத்து!"

மாமா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. விசிலை எடுத்து ஊதினார், நிறுத்தவே இல்லை. "அண்ணே, வண்டியத் திருப்பு!" டிரைவர் அண்ணன் டைம் என்று வாயைத் திறந்திருக்கிறார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை வளைத்தார். சிதம்பரம் வீதிகளில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு எங்களுக்காக ஒரு பஸ் திரும்பியது. ஆள் நிறைய, ஹாரன் அடித்துக்கொண்டே மேல வீதிக்கு வந்து, சந்து முனையில் மூக்கை நுழைத்து நின்றது.

எனக்கு முதலில் விசில்தான் கேட்டது. அந்த உருண்டை உருளும் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். ரப்பர் கிண்ணம் என் மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கதவு படாரென்று திறந்தது.

"டாக்டர்! நிறுத்துங்க! பன்னு! ரெண்டு பன்னு! டீயில தொட்டுக் குடுத்தேன்! முந்திரிப்பருப்பு வேற குடுத்துட்டேன் டாக்டர்!"

சட்டை முழுக்க வியர்வை, டிக்கெட் பை பின்னால் திரும்பிக் கிடக்கிறது, விசில் கயிறு காதில் மாட்டியிருக்கிறது. மயக்க டாக்டர் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அப்பா மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மாமாவைப் பார்த்தார். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் கொன்னுருப்பேனே. எங்கையால கொன்னுருப்பேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு முடியாது. அடுத்த வாரம் வாங்க" என்றார் மயக்க டாக்டர்.

நான் அழ ஆரம்பித்தேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து எல்லோரும் சமாதானம் செய்தார்கள். "பயம் இல்ல!" என்று கத்தினேன். "பல்லை எடுங்க! இன்னிக்கே எடுங்க! எடுக்கலன்னா மாமா செத்துடும்!"

விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். மேல்பல், கால் பிசகியது, பெண் வீட்டார், நாய் என்று எதையும் விடவில்லை. அப்பாவின் முகம் போன போக்கை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. தைரியசாலி என்று அவர் ஊரெல்லாம் சொன்ன பெண் இத்தனை நாளும் எதைச் சுமந்துகொண்டு திரிந்தாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பல் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என்ன தோன்றியதோ, மாமாவிடம் போய், "வாயைத் தொறய்யா" என்றார். மாமா தரையில் உட்கார்ந்தபடியே திறந்தார். நர்ஸ் அக்கா டார்ச் அடித்தார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "பாப்பா, எறங்கி வா. இங்க வந்து பாரு."

மாமாவின் அண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், அதே இடத்தில், அதே மாதிரி ஒரு குட்டிப் பல்.

"இது குடும்பத்துல வர்றதும்மா. உங்க மாமன் உனக்குக் குடுத்த சீரு இது. குடுத்தவனையே இது என்னா பண்ணும்?"

மாமா நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார். அது எல்லோருக்கும் இருப்பது என்றே அவர் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, "கண்ணு, பல்லு தாய்மாமனுக்கு ஆவாதுன்னா, எனக்கும்தான் ஒரு தாய்மாமன் இருக்காரு. கெழவரு இன்னமும் திருவந்திபுரத்துல மூச்சு வாங்காம மலைப்படி ஏறுறாரு. போன மாசம் மூணாவதா ஒரு கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கான்னு கேட்டாரு" என்றார். மயக்க டாக்டரே சிரித்துவிட்டார்.

இதற்குள் பஸ் ஜனம் பாதி ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டது. நர்ஸம்மா முன்னால், மற்றவர்கள் பின்னால். "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவலியே?" "ஆபரேஷன் இல்லியாமே?" "அப்ப இனிமே சாப்பிடலாமில்ல?" அவ்வளவுதான். ஒருவர் பையிலிருந்து வாழைப்பழம், ஒருவர் வேர்க்கடலை, ஒரு அம்மா பொட்டலத்தைப் பிரித்து அதிரசம். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அதே பஸ்ஸில் திரும்பினோம். அப்பா இந்தத் தடவை முன்னால் உட்காரவில்லை. பின்னால் எங்களோடு வந்து உட்கார்ந்தார். பிறகு, "டைம் போச்சே, மொதலாளி என்னாடா சொல்லுவாரு?" என்று கேட்டார். "வேலை போனா போவுது மச்சான்" என்றார் மாமா. அப்பா தன் கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார். வாங்கி முகத்தைத் துடைத்த மாமா அதைத் திருப்பித் தரவில்லை, கண்ணிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அத்தையிடம் அப்பா தனியாக ஏதோ பேசினார். அதற்குப் பிறகு அத்தை என் வாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குப் பிடிக்குமே என்று பணியாரம் சுட்டார்.

முதலாளி மாமாவை ஒரு வாரம் வண்டி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு அது வசதியாகப் போயிற்று. அடுத்த தடவை டியூட்டி இல்லாமல் எங்களோடு முழு நேரமும் இருந்தார். ஆனால் புதிதாக ஒரு பிடிவாதம் பிடித்தார். "அவ சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன். நான் தின்னா எங்கையி சும்மா இருக்காது, அவளுக்கும் குடுத்துடும்." முந்தின இரவு சாப்பிடவில்லை, காலையில் தண்ணீர் குடிக்கவில்லை. இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரப்பர் வாசனை வந்தது, விளக்கு இரண்டாகத் தெரிந்தது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

கண் விழித்தபோது வாயில் பஞ்சு. நாக்கு அண்ணத்துக்குப் போனது. பல் இல்லை. சந்தோஷமாகத் தலையைத் திருப்பினால், பக்கத்துக் கட்டிலில் மாமா படுத்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது, கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. பஞ்சு வாயோடு என்ன சத்தம் போட்டேனோ, மாமா ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"கத்தாத கண்ணு. ஒனக்கு மருந்து குடுத்து மயக்கம் வரவச்சாங்க. எனக்குப் பசியில தானா வந்துடுச்சி. நான்தான் அன்னிக்கே சொன்னேனே, மச்சான் கேட்டாரா?"

இதுதான் கதை. அண்ணாகிராமத்துப் பெண் வீட்டார் அந்த வருஷமே திரும்பி வந்தார்கள், கல்யாணமும் நடந்தது. பல்லை எடுத்ததால்தான் என்று அத்தை சொல்லியிருப்பார், அப்பா முறைத்ததால் சொல்லவில்லை.

இன்று காலை கிளம்ப வேண்டும். மகன் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். பொழுது விடிந்ததும் விடியாததுமாகக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மாமா. எழுபதைத் தாண்டியாகிவிட்டது, அத்தை போன பிறகு இன்னும் கொஞ்சம் மெலிந்திருக்கிறார். இந்த அத்தை, அண்ணாகிராமத்து அத்தை. "ஒனக்குப் பல்லு எடுக்கறாங்களாமே, நான் இல்லாமயா?" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"நீ சாப்பிட்டியா?"

"நான் சாப்பிடக் கூடாது."

"அப்ப எனக்கு மட்டும் என்னா? நீ வெளிய வந்தப்புறம் ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கலாம்."

"சுகர் மாத்திரை?"

"அது போட்டுட்டேன்."

மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு சிதம்பரம் வரை வருவேன் என்கிறார், இந்த வயதில். மகன் சொன்னான், மருமகள் சொன்னாள். கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பயம், இத்தனை வருஷம் கழித்து அப்படியே வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. அடுப்படிக்குப் போய்த் தட்டில் இட்லியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாமா, நீங்க சாப்பிடலன்னா நான் அந்த மயக்க டாக்டர்கிட்ட போயி, காலையில நாலு இட்லி தின்னுட்டு வந்தேன்னு சொல்லுவேன். அப்புறம் அடுத்த வாரம் திரும்பவும் போவணும். அதுக்கும் நீங்க பட்டினி கெடப்பீங்க, நான் அதுக்கும் இதையே சொல்லுவேன். பல்லு உள்ளயே இருக்கட்டும். எனக்குப் பல்லு முக்கியமில்ல."

மாமா கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "பொய் சொல்லுவியா?"

"உங்களுக்காகச் சொல்லுவேன்."

மாமா எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்குப் பசி குடலைப் புரட்டுகிறது. சாம்பார் வாசனை வேறு. எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர் மூன்றாவது இட்லியைப் பிட்டு வாயில் போட்டு விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் மகனிடம் காரை எடுக்கச் சொன்னேன்.